திருகோணமலையிலிருந்து ரொறன்ரோ எத்தனை மணித்தியாலம்? விமானத் தூரமும் பறக்கும் நேரமும்: ஓர் எளிய விளக்கம்

எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் மாமி ஒருவர், ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் முதன்முறையாகப் போவதற்கு ஆயத்தமானபோது, அவருடைய வீட்டு விறாந்தையில் ஒரு சிறு வழக்கே நடந்தது. பேரன் தொலைபேசியில் இரண்டு நகரங்களின் பெயர்களையும் தட்டிப் பார்த்து, “13,900 கிலோமீற்றர், பதினைந்தரை மணித்தியாலம்” என்றான். மகள் அங்கிருந்து, பறக்கிற நேரம் மட்டுமே பத்தொன்பது மணித்தியாலம் என்றார். மாமி தன் கையிலிருந்த விமானச்சீட்டைக் காட்டி, “இரவு பத்துக்கு வெளிக்கிட்டு அடுத்த நாள் காலை 9.45க்குப் போய்ச் சேருது. பன்னிரண்டு மணித்தியாலமும் இல்லையே?” என்று கேட்டார். கொழும்புக்கு அருகே உள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக இருந்த வான்காரரோ, வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்தால் ஒன்றரை நாள் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நால்வரும் சொன்ன எண்கள் ஒன்றுக்கொன்று சிறிதும் பொருந்தவில்லை. ஆயினும் ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு அளவை அளந்து, எல்லாவற்றுக்கும் ‘தூரம்’, ‘நேரம்’ என்ற அதே இரண்டு சொற்களைப் பயன்படுத்தினார்கள். இக்கட்டுரை அந்த அளவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. கணிதம் என்று சொல்லத்தக்கது கூட்டல், கழித்தல், வகுத்தல் மட்டுமே.

மூதூருக்கு எவ்வளவு தூரம்?

தூரம் என்பது ஒற்றை எண் அல்ல என்பதைத் திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நகரத்திலிருந்து கொட்டியாரக் குடாவைக் குறுக்கே வெட்டினால் மூதூர் ஏறத்தாழ 14 கிலோமீற்றர். லோஞ்சில் ஏறிப் போனவர்களுக்கு அந்தத் தூரம்தான் தூரம். தரைவழியே போகிறவர் சீனக்குடா, கிண்ணியா என்று குடாவைச் சுற்றிவர வேண்டும். அது அதன் இரண்டு மடங்கையும் தாண்டிவிடும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை, அந்தச் சுற்றுவழியிலும் துறையடியில் ‘பாதை’ எனப்படும், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவை வரும்வரை காத்து நிற்க வேண்டியிருந்தது. ஆகவே அதே இரண்டு ஊர்களுக்கு இடையில் ஒரு நேர்த்தூரமும், அதைவிட நீளமான ஒரு பயணத்தூரமும், தூரத்தோடு தொடர்பில்லாத ஒரு காத்திருப்பும் இருந்தன. பின்னால் வரப்போகும் விமானக் கணக்கு முழுவதும் இந்த மூன்றின் பெரிய வடிவம்தான்.

கொழும்புக்கும் இதே நிலை. திருகோணமலைக்கும் கொழும்புக்கும் இடையிலான நேர்த்தூரம் சுமார் 237 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகச் செல்லும் வீதி அதைவிட நீளம். புகையிரதப் பாதை இன்னும் நீளம். அது கல்லோயாச் சந்திக்கு இறங்கி, மாகோ வரை மேற்கே போய், பிறகுதான் தெற்கே திரும்புகிறது.

இங்கே ஒரு சொல்லை வரையறுத்துக்கொள்வோம். பூமியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களுக்கு இடையே, மலை, கடல், எல்லை எதையும் பொருட்படுத்தாமல் அளக்கப்படும் மிகக் குறுகிய தூரமே நேர்த்தூரம். தொலைபேசியில் ‘விமானத் தூரம்’ என்று காட்டப்படுவது பெரும்பாலும் இதுதான். அந்தப் பெயர்தான் குழப்பத்தின் முதற்காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது விமானம் பறந்த தூரம் அன்று. விமானம் எதுவும் அந்த இரு ஊர்களுக்கிடையே ஓடாவிட்டாலும் அந்த எண் வரும்.

உருண்டையின் மேல் ஒரு நூல்

இனி ரொறன்ரோவுக்கு வருவோம். சுவரில் தொங்கும் உலகப்படத்தில் இலங்கைக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுத்தால், அது அரபிக்கடலைக் கடந்து, யேமனைத் தொட்டு, சகாராப் பாலைவனத்தின் மேலாக ஓடி, அத்திலாந்திக் கடலைத் தாண்டிப் போகும். பார்ப்பதற்கு இதைவிட நேரான வழி இல்லை. ஆனால் அந்தக் கோட்டின் வழியே உண்மையில் போனால் கொழும்பிலிருந்து சுமார் 16,100 கிலோமீற்றர் செல்ல வேண்டும். மிகக் குறுகிய வழியோ சுமார் 14,000 கிலோமீற்றர்தான். படத்தில் நேராகத் தெரியும் வழி, நிலத்தில் 2,000 கிலோமீற்றருக்கு மேல் சுற்று.

இதை நம்ப மறுக்கும் பிள்ளைகளுக்கு நான் காட்டும் செய்முறை ஒன்று உண்டு. பாடசாலைகளில் இருக்கும் 30 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, இலங்கையின் மேல் ஒரு விரலால் தையல் நூலின் ஒரு நுனியை அழுத்திப் பிடித்து, மறு நுனியை ரொறன்ரோவில் வைத்து, தொய்வில்லாமல் இழுக்க வேண்டும். தொய்வு போகப் போக, நூல் தானாகவே வழுக்கி வடக்கே ஏறும். இறுகிய நிலையில் அது ராஜஸ்தான், காபூல், சமர்கண்ட் பக்கமாக ஏறி, கசகஸ்தானையும் ரஷ்யாவையும் கடந்து, நோர்வேயின் வடபகுதியைத் தொட்டு, கிரீன்லாந்தின் மேலாக இறங்கி, வடகிழக்கிலிருந்து கனடாவுக்குள் நுழையும். வழியில் அது 72ஆம் வட அகலக்கோடு வரை, அதாவது ஆர்க்டிக் வட்டத்துக்குள்ளேயே போய்வருகிறது. வெப்பநாட்டில் ஏறி, குளிர்நாட்டில் இறங்கப் போகிறவருக்கு மிகக் குறுகிய வழி துருவத்தின் அருகாகப் போகிறது என்பதைக் கண்டதும், எதிரே இருக்கும் பிள்ளை நூலைத் தன் கையில் வாங்கி மீண்டும் ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் விட்டதில்லை.

பிறகு அந்த நூலை அடிமட்டத்தில் அளக்கச் சொல்வேன். ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர் வரும். உருண்டையின் இடுப்பைச் சுற்றி அளந்தால் 94 சென்ரிமீற்றர் வரும். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீற்றர். 33ஐ 94ஆல் வகுத்து 40,000ஆல் பெருக்கினால் 14,000 கிலோமீற்றர்.

இறுகிய நூல் உருண்டையின் மேல் இடும் இந்தப் பாதைக்குப் பெயர் பெருவட்டப் பாதை. பூமியின் மையத்தின் ஊடாக அதைச் சரிபாதியாக வெட்டினால் கிடைக்கும் வட்டமே பெருவட்டம். தோடம்பழத்தைச் சரியாக நடுவால் வெட்டும்போது தோலில் விழும் கோடு போன்றது. எந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வழி, அவ்விரண்டின் ஊடாகவும் போகும் பெருவட்டத்தின் ஒரு துண்டுதான்.

அப்படியானால் சுவர்ப்படம் ஏன் ஏமாற்றுகிறது? உருண்டையின் தோலைக் கிழிக்காமல் தட்டையாக விரிக்க முடியாது. எங்காவது இழுத்தே ஆக வேண்டும். வகுப்பறைகளில் நெடுங்காலம் தொங்கிய மேர்கேற்றர் எறியம் 1569இல் மாலுமிகளுக்காக ஆக்கப்பட்டது. எறியம் என்பது உருண்டையைத் தாளில் விரிக்கும் முறை. அந்த எறியத்தில் திசைகாட்டியின் ஒரே கோணத்தைப் பிடித்துச் செல்லும் வழி நேர்கோடாக வரும். அதற்கு விலையாக, துருவங்களை அண்டிய நிலங்கள் ஊதிப் பெருத்துவிடுகின்றன. ஆபிரிக்கா கிரீன்லாந்தைப் போலப் பதினான்கு மடங்கு பெரியது என்பதை அந்தப் படத்தைப் பார்த்து ஒருவரும் சொல்லமாட்டார்கள். விமானத்தின் இருக்கைத் திரையில் பாதை வில்போல் வளைந்து தெரிவதும் இதனால்தான், வளைந்திருப்பது படம்.

கடலுக்குப் போகிறவர்கள் பயன்படுத்தும் கடல் மைலும் இந்த உருண்டையிலிருந்து பிறந்த அளவே. நேர் வடக்கே ஒரு பாகை நகர்ந்தால் சுமார் 111 கிலோமீற்றர். அந்தப் பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் 1,852 மீற்றர் ஒரு கடல் மைல். விமானிகளும் இன்றுவரை கடல் மைலில்தான் கணக்கிடுகிறார்கள். உயரத்தில் பறப்பதால் தூரம் பெருகும் என்று சிலர் நினைப்பார்கள். 11 கிலோமீற்றர் உயரத்தில் 14,000 கிலோமீற்றர் போனாலும் அதனால் கூடுவது 25 கிலோமீற்றர்கூட இல்லை.

இதுவரை பார்த்தது: தொலைபேசி காட்டும் 13,900 கிலோமீற்றர் என்பது திருகோணமலைக்கும் ரொறன்ரோவுக்கும் இடையிலான பெருவட்டத் தூரம். அது சரியான எண். ஆனால் அதைப் பயணத்தூரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இல்லாத விமானத்தின் தூரம்

சீனக்குடாவில் ஓடுபாதை இருக்கிறது. உள்நாட்டுச் சிறு விமானங்கள் அதில் வந்து போவதும் உண்டு. ஆனால் ரொறன்ரோவுக்கு அங்கிருந்து விமானம் இல்லை. கட்டுநாயக்காவிலிருந்தும் நேரடி விமானம் இல்லை. எனவே பேரன் கண்ட பதினைந்தரை மணித்தியாலம் என்பது, ஒருவராலும் ஏற முடியாத ஒரு விமானத்தின் பறப்பு நேரம்.

இதைவிட அருகில் உள்ள உதாரணம் சென்னை. சீனக்குடாவிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு நேர்த்தூரம் 500 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். தொலைபேசியைக் கேட்டால் முக்கால் மணித்தியாலத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். உண்மையில் திருகோணமலைக்காரர் சென்னைக்குப் போக, முதலில் தென்மேற்கே 240 கிலோமீற்றர் வரை வீதியில் ஓடிக் கட்டுநாயக்காவை அடைந்து, அங்கிருந்து வடக்கே சுமார் 650 கிலோமீற்றர் பறக்க வேண்டும். சென்னைக்குப் போகிறவர் முதலில் சென்னையிலிருந்து விலகிப் போகிறார். இல்லாவிட்டால் வவுனியாவைச் சுற்றி யாழ்ப்பாணம் வரை 230 கிலோமீற்றருக்கு மேல் போய்ப் பலாலியில் ஏறலாம். நேர்த்தூரம் 500, கட்டுநாயக்கா வழியாகப் பயணத்தூரம் ஏறத்தாழ 890.

இணைப்பு விமானம் எப்போதும் பெரிய சுற்று என்று பலர் கருதுகிறார்கள். அது இடத்தைப் பொறுத்தது. மாமியின் சீட்டு டுபாய் வழியானது. கொழும்பிலிருந்து டுபாய் சுமார் 3,290 கிலோமீற்றர். டுபாயிலிருந்து ரொறன்ரோ சுமார் 11,080 கிலோமீற்றர். கூட்டினால் 14,370. நேரே போகும் 14,000 உடன் ஒப்பிட்டால் 400 கிலோமீற்றர்கூட அதிகமில்லை. விமானத்துக்கு அது அரை மணித்தியாலத்துக்கும் குறைந்த வேலை. தட்டையான படத்தில் இதை ஊகிக்கவே முடியாது. உருண்டையில் நூலை டுபாய் வழியாக வைத்து அளந்தால், நூல் சிறிதளவே நீள்வது தெரியும்.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் ஏன் பிழைக்கிறது?

இப்போது நேரத்துக்கு வருவோம். பேரன் செய்த கணக்கு 13,900ஐ 900ஆல் வகுத்தது. பெரிய ஜெட் விமானம் உச்ச உயரத்தில் மணிக்கு 850 முதல் 900 கிலோமீற்றர் வேகத்தில் போவது உண்மை. அந்த வேகத்தில் அது பயணம் முழுவதும் போவதில்லை என்பதையே இந்த வகுத்தல் மறந்துவிடுகிறது.

கொழும்புக்கு பஸ்ஸில் போகிறவரை எண்ணிப் பாருங்கள். ஹபரணைக் காட்டுப் பகுதியில் பஸ் எவ்வளவு வேகமாக ஓடினாலும், திருகோணமலைத் தரிப்பிடத்தில் ஊர்ந்து வெளியேறிய நேரமும், கொழும்பு நெரிசலில் நின்ற நேரமும் சேர்ந்தே பயண நேரம் ஆகிறது. விமானத்துக்கும் அவ்வாறே. தரிப்பிடத்திலிருந்து ஓடுபாதை வரை ஊர்தல், முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்தல், மேலேறுதல், கீழிறங்குதல், இறங்கியபின் மீண்டும் ஊர்தல் ஆகிய எல்லாவற்றிலும் அதன் வேகம் குறைவு. தரிப்பிடத்தை விட்டு அசைந்த கணத்திலிருந்து மறு தரிப்பிடத்தில் நின்ற கணம் வரையுள்ள நேரத்தை விமானத்துறையில் ‘பிளாக் டைம்’ என்பார்கள். சீட்டில் அச்சாகும் நேரங்கள் இந்தக் கணக்கில் வருபவை. சக்கரம் தரையை விட்டு எழுந்ததிலிருந்து மீண்டும் தரையைத் தொடும் வரையுள்ளது பறப்பு நேரம். அது எப்போதும் இதைவிடக் குறைவு.

குறுகிய பயணங்களில் இந்த வேறுபாடு மிகப் பெரிது. சென்னையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வரும் ஜெட் விமானத்தை எடுத்துக்கொள்வோம். உச்ச உயரத்தை எட்டுவதற்கு அதற்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் ஓட்டம் வேண்டும். 35,000 அடியிலிருந்து சீராக இறங்குவதற்கும் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வேண்டும். அதாவது மன்னாருக்கு நேரே வரும்போதே அது இறங்கத் தொடங்கிவிடும். மொத்தம் 650 கிலோமீற்றரில், ஏறாமலும் இறங்காமலும் முழு வேகத்தில் போவது 250 கிலோமீற்றர்தான். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே வேகக் கட்டுப்பாடும் உண்டு. ஆகவே முக்கால் மணித்தியாலத்தில் முடிய வேண்டிய தூரத்துக்கு, சீட்டு ஏறத்தாழ ஒரு மணித்தியாலமும் இருபத்தைந்து நிமிடமும் கேட்கிறது.

இதன் பக்கத்தில் பலாலி–சென்னைப் பயணத்தை வைத்துப் பாருங்கள். தூரம் ஏறத்தாழ பாதி, சுமார் 355 கிலோமீற்றர். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபின் இந்தத் தடத்தில் ஓடுபவை சுழல்விசிறி பூட்டிய ஏ.டி.ஆர். விமானங்கள், அவற்றின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர். அதனால் பாதித் தூரத்துக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிறது. தூரம் பாதியானால் நேரமும் பாதியாகும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள், விமானம் மெதுவாகப் போகிறது என்று குறைப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். முகம் சுளித்து அலுத்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. அது அந்த வகை விமானத்தின் இயல்பான வேகம்.

பயணம் நீள நீள, ஏறி இறங்கும் நேரத்தின் பங்கு கரைந்துபோகும். சீட்டு நேரத்தைக்கொண்டு சராசரி வேகம் பார்த்தால் கொழும்பு–சென்னை மணிக்கு 460 கிலோமீற்றர் அளவிலும், கொழும்பு–டுபாய் 700க்குச் சற்றுக் குறைவாகவும், டுபாய்–ரொறன்ரோ 780 அளவிலும் வரும். கையால் கணக்குப் போட விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்லலாம். ஜெட் விமானமானால் தூரத்தை 850ஆல் வகுத்து, வரும் விடையுடன் நாற்பது நிமிடம் கூட்டுங்கள். கொழும்பு–சென்னைக்கு 86 நிமிடம் வரும். கொழும்பிலிருந்து லண்டனுக்குச் சுமார் 8,700 கிலோமீற்றர். அதற்குப் பதினொரு மணித்தியாலத்தை ஒட்டி வரும். இரண்டும் சீட்டில் உள்ளவற்றுக்கு நெருங்கியவையே.

மெதுவான விமானமும் மிக நீண்ட பயணமும் சேர்ந்தால், வெறும் வகுத்தலே போதும். 1943 முதல் 1945 வரை, போர்க்காலத்தில், காலிக்கு அருகே உள்ள கொக்கலை ஏரியிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குக் கற்றலினா என்னும் நீர்விமானங்கள் பறந்தன. தூரம் சுமார் 5,650 கிலோமீற்றர்; வேகம் மணிக்கு 200 அளவு; வகுத்தால் 28. உண்மையில் பிடித்தது 27 முதல் 33 மணித்தியாலம். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைப் பார்த்தார்கள். அந்த 27க்கும் 33க்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்குக் காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

சுருக்கமாக: வேகமானியின் உச்ச எண்ணைக்கொண்டு பயண நேரத்தைக் கணிக்கக்கூடாது, தூரம் குறையும்போது பிழை பெருகும்.

பூமி சுழல்வதும் காற்று வீசுவதும்

மிகவும் பரவலான தவறு ஒன்று இந்த இடத்தில் இருக்கிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது; எனவே மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊர் தானாக வந்துவிடும், கிழக்கே போகும் விமானம் ஊரைத் துரத்த வேண்டும் என்று படித்தவர்களே சொல்வதுண்டு. நடப்பது இதற்கு நேர்மாறு. லண்டனுக்குப் போவதைவிட அங்கிருந்து திரும்பி வருவதே பொதுவாக விரைவு.

திருகோணமலை இருக்கும் அகலக்கோட்டில் நிலம் மணிக்குச் சுமார் 1,650 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது. நிலம் மட்டும் நகர்ந்து காற்று நின்றிருந்தால், கோணேசர் கோயில் வாசலில் ஒரு கணமும் நிற்க முடியாது. வளிமண்டலமும் நிலத்தோடு சேர்ந்தே சுற்றுகிறது. ஓடும் புகையிரதத்துக்குள் ஒரு தேசிக்காயை மேலே எறிந்து பாருங்கள். அது பின் இருக்கைக்காரரின் மடியில் விழாமல் உங்கள் கையிலேயே விழும். புகையிரதத்தின் வேகம் தேசிக்காய்க்கும் இருந்தது. விமானமும் அந்தத் தேசிக்காய் போன்றதே.

நேரத்தை மாற்றுவது நிலத்தோடு ஒப்பிடுகையில் காற்று நகரும் வேகம். இதற்கு இரண்டு சொற்கள் தேவை. விமானம் தன்னைச் சூழ்ந்த காற்றை ஊடறுத்துச் செல்லும் வேகம் காற்றுசார் வேகம். நிலத்தின் மேல் அது கடக்கும் வேகம் தரைசார் வேகம். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் இடத்தில் தோணி விடுகிறவருக்கு இது கைப்பழக்கம். ஒரே வலுவோடு தண்டு வலித்தாலும் ஆற்றோடு போகையில் கரை விரைவாகப் பின்னே ஓடும்; ஆற்றை எதிர்க்கையில் கரை அசைய மறுக்கும். தண்ணீரோடு தோணியின் வேகம் மாறவில்லை. கரையோடுள்ள வேகம் மாறியது.

வானத்தில் அந்த ஆற்றுக்கு ஒப்பானது ஜெட் காற்றோட்டம். நடு அகலக்கோடுகளில், சுமார் 9 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும் ஒடுங்கிய காற்றுப் பட்டை அது. மாரியில் மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டுவது அதற்குச் சாதாரணம். 2020 பெப்ரவரியில் அத்திலாந்திக்கில் கடும்புயல் வீசிய இரவில், நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட பயணிகள் விமானம் ஒன்று அந்தக் காற்றில் ஏறி 4 மணித்தியாலம் 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது. வழமையாக அதற்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும்.

நமது தலைக்கு மேலே கதை வேறு. ஜூன் முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைத் தெருக்களில் கச்சான் காற்று மேற்கிலிருந்து சுழற்றி அடிக்கும்போது, 14 கிலோமீற்றர் அளவு உயரத்தில், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மேலே, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்றோட்டம் எதிர்த்திசையில் ஓடுகிறது. கீழே வேட்டியை இழுக்கும் காற்றைக்கொண்டு மேலே விமானத்துக்கு என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது.

போகையில் இழந்ததை வருகையில் பெற்றுவிடலாம், இரண்டும் சரிக்குச் சரி என்று தோன்றும். அதுவும் இல்லை. 4,000 கிலோமீற்றர் தூரம், விமானத்தின் வேகம் 800, காற்று 200 என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் போக ஐந்து, வர ஐந்து, மொத்தம் பத்து மணித்தியாலம். காற்றோடு போகையில் வேகம் 1,000, நேரம் நான்கு மணித்தியாலம். எதிர்த்து வருகையில் வேகம் 600, நேரம் ஆறு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும். மொத்தம் பத்து மணித்தியாலமும் நாற்பது நிமிடமும். காற்றை எதிர்க்கும் நேரம் காற்றோடு போகும் நேரத்தைவிட நீளமாக இருப்பதால், நட்டம் இலாபத்தை விழுங்கிவிடுகிறது. அதனால்தான் விமானங்கள் சில நாட்களில் பெருவட்டப் பாதையை விட்டு விலகிப் போகின்றன. தூரம் கூடினாலும் காற்று வாய்த்தால் நேரம் குறையும்.

சில வேளைகளில் விலகலுக்குக் காரணம் காற்று அன்று, அரசியல். 2022இல் ரஷ்யா தன் வான்பரப்பைப் பல நாட்டு விமானங்களுக்கு மூடியபின், ஹெல்சிங்கி–ரோக்கியோப் பயணம் ஏறத்தாழ ஒன்பதரை மணித்தியாலத்திலிருந்து பதின்மூன்று மணித்தியாலமாக நீண்டது. ஊர்கள் நகரவில்லை, நூலை இழுக்க முடியாமல் போயிற்று.

கடிகாரத்தைத் திருத்தி வாசித்தல்

இனி மாமியின் கேள்வி. சீட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் கடிகார நேரம். இலங்கையின் கடிகாரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்கிறது. டுபாய் நான்கு மணித்தியாலம் முன்னே. ரொறன்ரோ கோடையில் நான்கு மணித்தியாலம் பின்னே. ஆகவே கோடையில் நமக்கும் ரொறன்ரோவுக்கும் ஒன்பதரை மணித்தியால வேறுபாடு. அங்கே குளிர்காலத்தில் கடிகாரத்தைப் பின்வைப்பதால் அது பத்தரை ஆகிவிடும். இரண்டு வெவ்வேறு கடிகாரங்களைப் பார்த்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வரும் எண்ணுக்குப் பயண நேரத்தோடு எந்த உறவும் இல்லை.

இந்த வலை சென்னைப் பயணத்திலும் ஒரு காலத்தில் இருந்தது. இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளின் பெரும்பகுதியில் நாம் இந்தியாவைவிட அரை மணித்தியாலம் முன்னே நின்றோம். அக்காலச் சீட்டுகளில் சென்னைக்குப் போவது ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாகவும், திரும்பி வருவது இரண்டை நெருங்கியும் தெரியும். விமானம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே நேரந்தான் எடுத்தது.

மாமியின் சீட்டைத் திறந்து பார்த்தால்

கட்டுநாயக்காவில் இரவு 10.00க்குப் புறப்படும் விமானம் டுபாய்க் கடிகாரத்தில் அதிகாலை 1.15க்கு நிற்கிறது. வேறுபாடு மூன்றேகால், டுபாய் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னே என்பதால், உண்மையில் நாலேமுக்கால். அங்கே இரண்டேகால் மணித்தியாலம் காத்திருப்பு. அதிகாலை 3.30க்குப் புறப்படும் அடுத்த விமானம் பதினாலேகால் மணித்தியாலம் கழித்து, ரொறன்ரோ நேரம் காலை 9.45க்கு நிற்கிறது. அப்போது திருகோணமலையில் மாலை 7.15.

நாலேமுக்காலும் பதினாலேகாலும் சேர்ந்தால் பத்தொன்பது. இது மகளின் எண். காத்திருப்பையும் சேர்த்தால் இருபத்தொன்றேகால். ஊரிலிருந்து நண்பகல் 12 மணிக்கு வான்காரரின் வண்டியில் ஏறி, கட்டுநாயக்காவில் மூன்று மணித்தியாலம் முன்னதாக நின்று, ரொறன்ரோவில் குடிவரவு வரிசையைத் தாண்டி, ஸ்காபரோவில் மகளின் வீட்டு வாசலை மிதிக்க, மொத்தம் முப்பத்துமூன்று மணித்தியாலமளவில் ஆகும். வான்காரர் சொன்ன ஒன்றரை நாளுக்கு அது கிட்டத்தான். பேரனின் பதினைந்தரை, நேர்த்தூரத்தை உச்ச வேகத்தால் வகுத்தது. மாமியின் பதினொன்றேமுக்கால், இரண்டு கடிகாரங்களுக்கு இடையிலான வேறுபாடு.

இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தபோது மாமி அதை மடித்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து, திரும்பும் சீட்டோடு அவர் ரொறன்ரோவிலிருந்து அழைத்தார். அங்கே பிற்பகல் 2.00க்குப் புறப்பட்டு, மறுநாள் இரவு 8.15க்குக் கட்டுநாயக்கா. “பாக்க முப்பது மணித்தியாலம் எண்டு கிடக்கு,” என்றார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார்: “அதில ஒன்பதரையைக் கழிச்சன், இருபதேமுக்கால் வருது. காத்து பின்னால இருந்து தள்ளுறதால வரேக்கப் பறக்கிறது ரெண்டு மணித்தியாலம் குறைவு. ஆனா டுபாயில இந்தமுறை மூண்டேமுக்கால் மணித்தியாலம் குந்தி இருக்க வேணும். அதுக்கு உங்கட நூல் ஒண்டும் செய்யாது, என்ன?”